கோக்கி சின்னமுத்து ஜெர்மன்காரர் ஆன விபரம்

மேற்பிரிவு லயம்,
மேமலைத் தோட்டம்,
தெல்தோட்டை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர் திவாகரன் அவர்களுக்கு, மேமலைத் தோட்டத்தின் ஓய்வுபெற்ற லொறிச் சாரதியும், மாரியம்மன் கோயில் கமிட்டியின் முன்னாள் உபசெயலாளரும், உங்கள் அக்கா யசோதாவின் கணவனுமாகிய லெட்சுமணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் யசோதாவும் பசு மாடும் அம்மன் புண்ணியத்தில் சுகம். கன்றுக்குட்டிக்கு மட்டும் வயிறு சரியில்லை. அங்கே ஜெர்மனியில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நன்றாகப் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வருகிற மாதம் உங்களுக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கைக்கு வருகிறது என்று யசோதா முன்பே சொல்லியிருந்தாள். மிகவும் சந்தோஷம். இருபது வருஷத்துக்கு மேலாக அங்கே உழைத்து, அவர்களுடைய பாஷையில் ஒரு பரீட்சை, சட்டத்தில் ஒரு பரீட்சை என்று எழுதி, தலைமுடி கொட்டிப்போய் நீங்கள் அடைந்த பெருமை இது. அதற்கு முதற்கண் என் வாழ்த்துக்கள்.

இரண்டாவதாக, உங்கள் குடும்பத்தில் நீங்கள்தான் முதல் ஜெர்மன்காரர் என்று நினைத்திருந்தால் அதை மாற்றிக்கொள்ளும்படி தாழ்மையுடன் தெரிவிக்கிறேன். உங்களுக்கு முன்னாலேயே உங்கள் பூட்டனார், அதாவது உங்கள் தாத்தாவின் அப்பா, கோக்கி சின்னமுத்து அவர்கள் ஜெர்மன்காரர் ஆகிவிட்டார். அவர் செத்து நூறு வருஷமாகிறது என்பதை நான் மறக்கவில்லை. ஒரு பரீட்சையும் எழுதாமல், ஒரு கியூவிலும் நிற்காமல், மண்ணுக்குள் படுத்தபடியே ஆகிவிட்டார். உங்கள் அப்பா பாவம், நானும் இந்த நாட்டுப் பிரஜைதான் என்று காட்ட அரசாங்கக் கச்சேரி கச்சேரியாக அலைந்து, கடைசியில் பத்திரம் கையில் வந்தபோது அதை வாசிக்கக் கண் தெரியாமல் போனது. அந்த மனுசனோட தாத்தாவுக்கு இப்ப கேக்காமலே இன்னொரு நாடு கிடைச்சிருக்கு.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் கடுதாசி எழுதுறேன்னு நீங்க யோசிக்கலாம். நம்ம லயத்து வரிசை வீடுகளுக்குக் கிட்ட சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் பலாமரத்தடியில உங்க பூட்டனார் கல்லுகிட்டதான்னு உங்களுக்கே தெரியும், நீங்க ஊருக்கு வந்தப்ப அங்கதான் நின்னுக்கிட்டே இருந்தீங்க. அந்தக் கல்லைச் சுத்தி இப்ப கம்பி வேலி, அதுக்கொரு கேட்டு, கேட்டுக்கொரு பூட்டு. சாவி டவுன்ல பிரதேச சபை கந்தோர்ல, கிளாக்கர் மேசைக்குள்ள இருக்கு. அதனாலதான் பழையபடி முத்திரை ஒட்டுறேன்.

இது ஆரம்பிச்சது கட்டுகஸ்தோட்டையில. பாலத்துக்குப் பக்கத்துல பஹீம் முதலாளி ஹோட்டல் வச்சிருக்காரே, அங்க ஒரு வெள்ளக்கார சோடி வந்து தங்கியிருக்கு. அந்த அம்மா பேச்சுவாக்குல, இந்தப் பக்கம் முந்தி ஜெர்மன்காரங்க யாரும் இருந்தாங்களான்னு கேட்டுருக்கு. பஹீம் முதலாளி வியாபாரத்துலயே பொறந்து வளந்தவர், வந்தவங்க என்ன இருக்கான்னு கேட்டாலும் இல்லைன்னு சொல்ல அவருக்கு வாய் வராது. நெறையப் பேர் இருந்தாங்க மேடம்னு சொல்லிட்டார். சொன்ன பிறகு மனசு உறுத்தி, உண்மையிலேயே இருந்தாங்களான்னு நம்ம சபை உறுப்பினர் கணேஸைக் கேட்டுருக்கார். கணேஸும் நம்ம ஆள்தான், அவரோட பூட்டனும் உங்க பூட்டனும் இந்தியாவுல இருந்து வந்து மன்னார்ல கரையேறி ஒரே காட்டுப் பாதையில நடந்து வந்தவங்கதான். அந்தக் கணேஸ் அடுத்த கூட்டத்துலயே எந்திரிச்சு, இந்த மண்ணை வளமாக்கிய ஜெர்மன் குடியேறிகளை கௌரவிக்க வருசா வருசம் ஒரு உத்தியோகபூர்வ தினம் வேணும்னு பிரேரணை கொண்டுவந்துட்டார். அந்த நேரம் பார்த்து ரோல்ஸும் பிளேன்டீயும் உள்ள வந்துருச்சாம். எல்லாரும் ரோல்ஸுக்குக் கை நீட்டினதையும் ஆதரவுன்னு எண்ணி, பிரேரணை ஏகமனதா நிறைவேறிடுச்சு. 'ஜெர்மன் குடியேறிகள் மரபு தினம்' மாசி மாசத்துல ஒரு சனிக்கிழமைக்கு விழுந்துச்சு. அன்னைக்கு என்ன விசேசம்னு கேட்டேன். அன்னைக்குத்தான் மண்டபம் சும்மா இருக்குன்னாங்க.

தினம் கிடைச்சிருச்சு, குடியேறிகளைத் தேடணுமே. குடியேறிகள்னு பன்மையில போஸ்டர் அடிச்சாச்சு, கணக்குப் பார்த்தா ஒருத்தர்தான் தேறுறார். நம்ம தோட்டத்தை, தேயிலைக்கு முந்தின கோப்பிக் காலத்துல வச்சிருந்த ஷ்ராம் தொரை. அவரும் பங்களா கட்டி, கோப்பி போட்டு, நாலு வருசத்துல கோப்பிச் செடிக்கு நோய் வந்ததும் ஒருநாள் காலையில யார்கிட்டயும் சொல்லாமப் போயிட்டார். இதத்தான் நம்ம ஆளுக தலைமுறை தலைமுறையாச் சொல்றாங்க. அவர் கொண்டு வந்த குட்டைக்கால் நாய் மட்டும் போகல. அதோட வம்சம்தான் இன்னைக்கும் லயத்துல நீட்டு உடம்பும் கட்டைக் காலுமாத் திரியுது. நல்லா யோசிச்சுப் பார்த்தா இந்த மலையில நிரந்தரமாக் குடியேறின ஜெர்மன் அது ஒன்னுதான்.

இந்த ஆராய்ச்சிக்குன்னு கண்டியிலிருந்து சரித்திரத்துல பெரிய பட்டம் வாங்கின ஒரு கலாநிதியை கணேஸ் கூட்டிட்டு வந்தார். பேர் ஸ்கந்தவேள், யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனுசன், எங்க வீட்டுல பிளேன்டீ குடிச்சிட்டுக் கிளாஸைத் தானே கழுவி வச்சார். குறை என்னன்னா, முடிவை வீட்டுலயே எடுத்துட்டு, ஆதாரத்தை மட்டும் எங்ககிட்ட எடுக்க வந்தவர் அவர். பங்களா இருந்த இடத்துல இப்ப தேயிலை. ஷ்ராம் தொரை போட்டோ ஒன்னுகூட எங்கயும் இல்லைன்னு அவருக்கு ரொம்ப வருத்தம். கல்லறையாவது இருக்கான்னு கேட்டுக்கேட்டு மலை முழுக்கச் சுத்துனார். அவர் சுத்தி வந்த அன்னைக்குத்தான், நம்ம கெட்ட நேரம், யசோதா பூட்டனாருக்குப் படையல் போட்டிருந்தா.

நீங்க அங்க போன பிறகு ஒரு படையலுக்கும் வந்ததில்ல, பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீங்களோ என்னமோ, அதனால திருப்பிச் சொல்றேன். சின்னமுத்து தாத்தா சின்ன வயசுலயே ஷ்ராம் தொரை பங்களாவில கோக்கியா, அதாவது சமையல்காரனாச் சேந்தவர். ஷ்ராம் போன பிறகு வந்த இங்கிலீஸ் தொரைமாருக்கும் அவர்தான் சமையல். லயத்துல எல்லாரும் சோறும் கருவாடும் தின்னப்ப இவர் மட்டும் தொரை கடிச்சு வச்ச பாண் ரொட்டித் துண்டு, தட்டுல ஒட்டின பட்டர், அரை சொசேஜ், போத்தல் அடியில கிடக்கிற பியர், சாம்பல் கிண்ணத்துல கிடந்த சுருட்டுக் கட்டைன்னு ருசி பாத்துப் பழகிட்டார். சாகப் போறப்ப மகனைக் கூப்பிட்டு ஒரே ஒரு ஆசை சொன்னார்னு உங்க தாத்தா வாயால நானே கேட்டிருக்கேன். "எனக்கு வருசா வருசம் வைக்கிறப்ப மேசைச் சாப்பாடு வைங்கடா. மிச்சம் வேணாம், முழுசா வைங்க." அதுதான் இந்த நூறு வருசமும் பலாமரத்தடியில முழுப் பாண், உடைக்காத பட்டர், ஒரு டின் சொசேஜ், மூடி திறக்காத பியர், புதுச் சுருட்டு. கோக்கி தோள்ல போடுற வெள்ளைத் துவாய் ஒன்னு கல்லு மேல. மொத்த மலையகத்துலயும் இப்படி ஒரு படையல் உங்க குடும்பத்துல மட்டும்தான்.

கலாநிதி அந்தக் கல்லைப் பார்த்தார், பாணைப் பார்த்தார், பியரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி பியரைப் பார்த்தார். "இது சாதாரணப் படையல் இல்லைப் பாருங்கோ. பாண், பட்டர், சொசேஜ், பியர். தமிழன் ஆருக்கு இதை வைப்பான்? இஞ்ச கிடக்கிறது அந்த ஜெர்மன்காரன்தான்" அப்படின்னார். விசுவாசமுள்ள தொழிலாளர் தங்கள் எசமானின் சமாதியை ஒன்றரை நூற்றாண்டாகப் பூசித்து வருகிறார்கள்னு அங்கயே நின்னு போன்ல பேசிப் பதிவு பண்ணிக்கிட்டார். சிக்னல் வேற அங்கதான் நல்லாக் கிடைக்குது.

நான் வாயைத் தொறந்தேன் மச்சான், அம்மன் சத்தியமாத் தொறந்தேன். ஐயா, இது எங்க மச்சானோட பூட்டன்னு சொல்ல நாக்கு மேல வந்துருச்சு. அதுக்குள்ள கணேஸ் குறுக்க விழுந்து, அப்ப இந்த ரோட்டை கொங்கிரீட் போட்டே ஆகணும், வெளிநாட்டு ஆளுக வருவாங்க, இந்தக் குழியில எப்படி வருவாங்க, அடுத்த கிழமையே மண்ணு வெட்டுற பெக்கோ மெசின அனுப்புறேன்னு சொல்லிட்டார். தொறந்த வாய் தானா மூடிக்கிச்சு.

என்னைத் திட்டுறதுக்கு முன்னால இந்த ரோட்டைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. முப்பது வருசம் அதுல கொழுந்து லொறி ஓட்டினவன் நான், ஒவ்வொரு குழியும் எனக்குப் பேர் சொல்லிப் பழக்கம். எத்தனை மனு, எத்தனை கையெழுத்து, எத்தனை தேர்தலுக்கு எத்தனை பேர் வந்து அதே குழியில நின்னு அதே சத்தியம். போன வருசம் மழைக்குள்ள உங்க அக்காவுக்குப் பித்தப்பை வலி வந்து துடிச்சாளே, அப்ப அம்புலன்ஸ் ஜங்சனோட நின்னுக்கிச்சு, மேல ஏறாதுன்னுட்டான். நம்ம வீட்டுக் கதிரையில அவளை உக்கார வச்சுக் கயித்தால கட்டி நாலு பேர் தூக்கிட்டு இறங்கினாங்க. பாதி வழியில ஒருத்தன் சறுக்கி, கதிரையோட கவுந்திருப்பா. ஊரெல்லாம் லொறி ஓட்டின நான், கட்டின பொண்டாட்டிய ஏத்திட்டுப் போக வழியில்லாம பின்னால குடையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே நடந்தேன். அன்னைக்கு அவ பிழைச்சது அவ அதிர்ஷ்டம். எங்களுக்காக வராத கொங்கிரீட் அந்த ஜெர்மன்காரனுக்காக வருதுன்னா வந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன். நினைச்சதுல தப்பு இருக்கா, நீங்களே சொல்லுங்க.

சொன்ன மாதிரியே பெக்கோ வந்துச்சு, சல்லி வந்துச்சு, சீமெந்து வந்துச்சு. நான் பார்த்து வளந்த குழியெல்லாம் ஒன்னொன்னா மூடுறதைக் கதிரை போட்டு உக்காந்து பார்த்தேன். அதே நேரத்துல இன்னொரு கூட்டம் வந்து பூட்டனார் கல்லுக்கு மாபிள் ஒட்டி, வேலி அடிச்சு, மூனு பாசையிலும் போர்டு மாட்டிட்டுப் போயிருச்சு. 'ஜெர்மன் குடியேறி ஷ்ராம் அவர்கள் இங்கு துயில்கொள்கிறார்.' கல்லு மேல இருந்த வெள்ளைத் துவாயை யாரோ கொங்கிரீட் கையைத் துடைச்சுப் போட்டிருந்தான். யசோதா அதை எடுத்துட்டு வந்து துவைச்சுக் காயப் போட்டா.

விழா அன்னைக்குக் கூட்டம் நல்லா வந்துச்சு, பாட்டு, மாலை, குத்துவிளக்கு எல்லாம் இருந்துச்சு, ஜெர்மன்காரன் மட்டும் இல்ல. அழைப்பு அனுப்பின இடத்துல இருந்தெல்லாம் வாழ்த்து மட்டும் வந்திருக்கு. பஹீம் முதலாளிதான் கைகொடுத்தார், ஹோட்டல்ல தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரரைக் குருவி பார்க்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி ஏத்திட்டு வந்து மேடையில உக்கார வச்சுட்டார். அந்த மனுசன் மாலையோட முழிச்சுக்கிட்டு ரெண்டு நிமிசம் ஏதோ பேசினார். கணேஸ் அதைத் தமிழ்ல, என் முன்னோர்கள் சிந்திய வேர்வை இந்த மண்ணில் கலந்திருக்கிறதுன்னு மொழிபெயர்த்தார். எனக்கும் லொறி இங்கிலீஸ் கொஞ்சம் தெரியும், அவர் கேட்டது குருவி எங்கன்னுதான். பிறகு நான் தனியாப் போய் எந்த ஊர்னு கேட்டேன். ஸ்விட்சர்லாந்தாம். கணேஸ்கிட்ட சொன்னா, ஜெர்மனிக்கும் அதுக்கும் நம்ம கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் உள்ள தூரம்தானே அண்ணே, அதையெல்லாம் பெருசு பண்ணாதீங்கன்னுட்டார்.

அப்புறம் கலாநிதி எந்திரிச்சு, காடாகக் கிடந்த இந்த மலையைக் குடியேறிகள் தம் சொந்தக் கைகளால் வெட்டித் திருத்தினார்கள்னு பேசினார். நம்ம மூக்காயி அக்கா, கொழுந்து எடுத்து ஓய்வானவங்க, முன்வரிசையில உக்காந்திருந்தாங்க. வெத்தலையைத் துப்பிட்டுச் சத்தமாவே கேட்டாங்க. "அவுக கையால வெட்டுனாங்கன்னா, எங்க ஆளுக கைய என்னாத்துக்கு வச்சிருந்தாங்களாம்?" கணேஸ்தான் சமாளிச்சு, இப்போது மரபுரிமை அணிவகுப்புன்னு சொல்லி, நம்ம லயத்துக் குட்டைக்கால் நாய்க்கு மாலை போட்டுக் கொண்டு வரச் சொன்னார். அதுக்குக் கைதட்டல் பயங்கரம். நாய் மாலையைத் தின்னுக்கிட்டே நடந்துச்சு.

விழா முடிஞ்சு சாப்பாட்டுல கணேஸைத் தனியாப் பிடிச்சேன். தம்பி, நாலு வருசம் இருந்துட்டுப் போன ஒருத்தருக்கு ஒரு தினம்னா, மன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்து வந்து, வழியில பாதிப் பேரைப் புதைச்சுட்டு, மிச்சப் பேர் தலைமுறை தலைமுறையா இங்கேயே கிடக்கிறோமே, எங்களுக்கும் ஒரு நாள் பார்த்து வைக்கக் கூடாதான்னு பதமாத்தான் கேட்டேன். அவர் கோழிக்காலைக் கடிச்சுக்கிட்டே எனக்குப் பாடம் எடுத்தார். "அண்ணே, குடியேறிகள்னா தானா விரும்பி வந்தவங்க. நம்மளைக் கூட்டிட்டு வந்தாங்க. கூட்டிட்டு வந்தவங்களுக்குத் தினம் வைக்க வழி இல்ல." நமக்குத்தான் மே தினம் இருக்கே, அதுல சேந்து நிக்கலாமேன்னும் சொன்னார். எங்க ஆளாப் பொறந்தவன் வாயில இருந்து இதைக் கேக்குறதுக்கு, ஷ்ராம் தொரையே எந்திரிச்சு வந்து சொல்லியிருந்தா எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது.

உண்மையான அடி வீட்டுலதான் காத்திருந்துச்சு. அடுத்த அமாவாசைக்கு விளக்கு வைக்கப் போன யசோதா, பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பி வந்தா. கந்தோர்ல சாவி கேட்டதுக்கு, பார்வையாளர் நேரத்துல வாங்க, அதோட நினைவுச் சின்னத்துக்குள்ள உணவுப் பொருள் கொண்டு போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. வந்தவ அடுப்பைக்கூட மூட்டாம என் முன்னால நின்னா. "உசுரோட இருந்தப்ப தொரை தின்ன மிச்சத்தைத் தின்னாரு. செத்த பிறகுதான் அவருக்கு முழுப் பாணு. அதையும் அந்தத் தொரை பேருக்கு எழுதிக் குடுத்துட்டு வந்து ரோடு பாக்குறீங்களா நீங்க" அப்படின்னா. மச்சான், கலியாணம் கட்டின நாள்ல இருந்து உங்க அக்கா என்னைப் பேசாத பேச்சில்ல, அதெல்லாம் நான் காதுல வாங்கினதே இல்ல. இது மட்டும் காதுக்குள்ளயே உக்காந்திருக்கு. அன்னையில இருந்து அவ என்கூடப் பேசுறதில்ல, சோத்தைத் தட்டுல போட்டுட்டு மாட்டுகிட்ட போய் என்னைப் பத்திப் பேசுறா. மாடும் இப்ப என்னை ஒரு மாதிரியாத்தான் பாக்குது.

ஆகையினால மச்சான் அவர்களே, இந்தக் கடிதத்தின் நோக்கத்துக்கு வருகிறேன். நீங்க அந்த நாட்டுலயே இருக்கிறீங்க, பாஷையும் பரீட்சை எழுதுற அளவுக்குத் தெரியும். ஷ்ராம் தொரை இங்கிருந்து போய் அங்கேதான் எங்கேயோ செத்திருக்க வேண்டும். அந்தக் குடும்பத்தைத் தேடிப் பிடித்து, அவர் உண்மையில் புதைந்திருக்கும் கல்லறையை நாலு பக்கமும் தெளிவாகப் போட்டோ பிடித்து, உடனே தபாலில் அனுப்பி வைக்கவும். அதைக் கொண்டுபோய் கணேஸ் முகத்துக்கு நேரே நீட்டுகிறேன். ரோடு போனாலும் போகட்டும். குழியோடு குழியாக நாங்கள் வாழ்ந்துகொள்கிறோம். சின்னமுத்து தாத்தா அவருடைய பாணையும் பியரையும் அவருடைய பேரிலேயே சாப்பிடட்டும். இது உங்கள் இரத்தம், எனக்குப் பெண் கொடுத்த குடும்பத்தின் மானம், ஆகவே ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

தங்கச்சிக்கு எங்கள் அன்பையும், பிள்ளைகளுக்கு அம்மன் திருநீற்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன், உறையைப் பிரிக்கும்போது கொட்டிவிடாமல் நெற்றியில் பூசிவிடுங்கள். நீங்களும் உங்கள் சந்ததியும் எந்த நாட்டுப் பத்திரத்தோடு இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் தழைத்து வாழ மேமலை மாரியம்மன் துணை நிற்பாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மறவாத அத்தான்,
செ. லெட்சுமணன்.

பி.கு.: மேலே எழுதியதில் கன்றுக்குட்டியின் வயிற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ரத்து செய்துகொள்ளவும். கல்லறையைத் தேட வேண்டாம். தெரியாமல் கண்ணில் பட்டால்கூடப் பார்க்காத மாதிரி நடந்துவிடுங்கள்.

நடந்தது என்னன்னா, கடுதாசியை எழுதி வச்சுட்டு ரோட்டைப் பார்க்கப் போனேன். கொங்கிரீட் பலாமரத்தோட நின்னு போச்சு, மேல வரும்னு நான் காத்திருக்கப் பெக்கோவையும் ஏத்திட்டுப் போயிட்டாங்க. அதுக்கு மேல வளைவு, வளைவுக்கு மேலதானே நம்ம லயம், அந்தத் துண்டு அப்படியே பழைய குழி. டவுனுக்கே இறங்கிப் போய் கணேஸைக் கேட்டா, கல்லறை வரைக்கும்தானே அண்ணே அனுமதி, அதுக்கு மேல ஜெர்மன் மரபு என்ன இருக்குன்னு என்கிட்டயே கேக்குறார். எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்துச்சோ தெரியல. ஏன் இல்ல, ஷ்ராம் தொரை நம்ம லயத்துக் கடைசிக் காம்பராவுலதான் முதல்ல தங்கினாராம், அதை நினைவு அறையா ஆக்கலாமேன்னு சொல்லிட்டேன். கலாநிதிக்கு அதைக் கேட்டு அவ்வளவு சந்தோசமாம். அறையில மாட்ட தொரையோட படம் ஒன்னு கிடைச்சா, வாற வருசத் தினத்துக்குள்ள ரோடு லயத்து வாசல் வரைக்கும் வந்துரும். அறைச் சாவி நம்ம வீட்டுலயே இருக்கும்னும் எழுத்துல வாங்கிட்டேன்.

யசோதாகிட்ட பயந்து பயந்துதான் சொன்னேன். அவ, சாவி யார் கையிலன்னு மட்டும் கேட்டா. உன் கையிலன்னேன். அப்படின்னா அந்தப் படத்துக்கு முன்னால நான் முழுப் பாண் வைப்பேன், கீழ யார் பேரு எழுதியிருந்தா எனக்கென்னன்னு சொல்லிட்டு, துவைச்சு வச்ச வெள்ளைத் துவாயை எடுத்து மடிச்சு வச்சா. அன்னைக்குச் சோத்தை என் கையிலயே குடுத்தா.

ஆகவே ஒரு படம் வேணும். பழைய படமா இருக்கணும், தாடி இருக்கணும், கோட்டு போட்டிருக்கணும். மூக்கு மட்டும் உங்க குடும்பத்து மூக்கா இருக்கணும்னு யசோதா ஒரே பிடியா நிக்கிறா, கும்பிடப் போறவ அவதானே. அந்த மூக்கோட அங்க ஒரு ஜெர்மன்காரனும் அகப்பட மாட்டான். அதனால வாற மாசம் உங்களுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வந்ததும், நீங்களே ஒட்டுத்தாடி ஒன்னு வச்சு, கோட்டைப் போட்டு, சிரிக்காம நின்னு ஒரு படம் எடுத்து அனுப்பிடுங்க. பத்திரம் வாறதுக்கு முன்னால எடுத்துடாதீங்க. ஜெர்மன்காரர் படம்னுதான் நான் எழுதிக் கையெழுத்து வைக்கணும், எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல.